சல்லடையில் சிக்கும் ஆதிப் பாலூட்டிகள்: மண் மூட்டையிலிருந்து பல் வரை

டைனோசர் காலத்துப் பாலூட்டியைத் தேடுகிறவர் பாறையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவார். வேல்ஸில் கிடைத்த மோர்கனுகோடானின் கடைவாய்ப்பல் நீளம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். சீனாவின் ஹாட்ரோகோடியத்துக்கு மண்டையோடு முழுவதுமே 12 மி.மீ.; உயிரோடு இருந்தபோது எடை 2 கிராம் அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே களத்தில் செய்ய வேண்டியது பல்லைத் தேடுவது அல்ல, சரியான மண்ணை மூட்டை கட்டுவது. தேடல் சல்லடையில் தொடங்கி நுண்ணோக்கியில் முடியும்.

முழு எலும்புக்கூடுகளும் உண்டு. சீனாவின் லியாவ்னிங் பகுதி ஏரிப்படிவுகள் ரோமத்தோடு கூடத் தந்திருக்கின்றன. ஆனால் உலகின் மற்ற இடங்களில் மீசோசோயிக், அதாவது டைனோசர் காலத்துப் பாலூட்டி என்றால் பெரும்பாலும் உதிரிப் பல்தான். பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். மற்றதெல்லாம் மட்கிய பிறகும் அது நிற்கும்.

எந்த மண்

பழைய ஏரி, சதுப்பு, வெள்ளச் சமவெளி ஆகியவற்றின் களிக்கல்லும் வண்டல்கல்லும் முதல் தேர்வு. பருமணல் படிவில் ஓடும் நீர் பற்களை உருட்டித் தேய்த்திருக்கும். முகடுகள் மழுங்கிய பல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 10 மடங்கு கைலென்ஸில் பார்க்கும்போது மீன் செதிலும் கடுகளவு எலும்புத் துணுக்கும் தெரிகிற அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் செதில் இல்லாத இடத்தில் பாலூட்டிப் பல் கிடைப்பது அபூர்வம்.

இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தெலங்கானாவில் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவம் ஜுராசிக் காலத்தது. பைகாசிகூடம் கிராமத்தருகே அதன் களிக்கல்லை அலசித்தான் பல பாலூட்டிப் பற்களை எடுத்தார்கள். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய நஸ்கல் படிவிலிருந்து 1988-இல் டெக்கனோலெஸ்டெஸ் வெளிவந்தது. இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் பாலூட்டி அதுதான். நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு படிவிலிருந்து ட்ரூடோன்ட் வகை டைனோசரின் ஒற்றைப் பல் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சிறுபல் தேடுகிறவர்களுக்கு அந்த மண்ணும் கைவிடக்கூடியதல்ல.

வேல்ஸின் கதை வேறு மாதிரி. அங்கே சுண்ணாம்புப் பாறை கார்பனிஃபெரஸ் காலத்தது, டைனோசர்களுக்கும் வெகு முந்தையது. அதன் வெடிப்புகளில் பிற்காலத்தில், ஜுராசிக்கின் தொடக்கத்தில், மண் இறங்கி நிரம்பியது. மோர்கனுகோடானும், கூனியோதீரியம் என்ற இன்னொரு ஆதிப் பாலூட்டியும் அந்த நிரப்பில்தான் கிடந்தன. பாறையின் வயது வேறு, நிரப்பின் வயது வேறு. குகையிலும் வெடிப்பிலும் மண் எடுக்கிறவர் இதை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

புதுப் பல் கலக்கும் வழிகள்

மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படிவிலிருந்து 2005-இல் டிக்கிதீரியம் என்ற பெயரில் ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல் அறிவிக்கப்பட்டது. பிந்தைய டிரையாசிக் காலத்துக்கு நம்ப முடியாத அளவு முன்னேறிய பல். ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் பரிணாம வரைபடங்களில் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2024-இல் அதை மறுபடி ஆராய்ந்தவர்கள், இது மிகப் பிந்திய நியோஜீன் காலத்து மூஞ்சூறின் பல் என்று எழுதினார்கள். அப்படியானால் இடையில் 20 கோடி ஆண்டு தவறு. இந்த வழிகாட்டியில் மண் எடுப்பதைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு கறார் விதிக்கும் காரணம் இதுதான்.

அடுக்கின் முகப்பை 20–30 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் புதிய பாறையை மட்டும் எடுங்கள். வேர் ஓடிய இடம், எலிவளை, எறும்புப் புற்று, வெடிப்பு எதுவும் வேண்டாம். சரிவுக்கு மேலே ஆந்தை உட்காரும் இடம் இருந்தால் அடிவாரத்து உதிரி மண்ணைத் தொடவே தொடாதீர்கள். ஆந்தை கக்கிய உருண்டையில் எலியும் மூஞ்சூறும் நிறைந்திருக்கும். ஒவ்வொரு களத்துக்கும் புது வலைத்துணி வாங்குவது செலவுதான், ஆனால் பழைய சல்லடையின் கண்ணில் செருகி நிற்கும் பல்லை எந்தத் தூரிகையாலும் முழுதாக எடுக்க முடியாது. நுண்ணுயிர்ப் படிவ ஆய்வகங்களில் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். முந்தைய வேலையின் துகள் ஒட்டியிருந்தால் நீலமாகக் காட்டிக்கொடுக்கும். கம்பிச் சல்லடையைத்தான் மறுபடி பயன்படுத்துவோம் என்பவர்கள் இதைப் பின்பற்றலாம்.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதில்லை: அலசும் தண்ணீர். ஓடை நீரும் குளத்து நீரும் இன்றைய மீன்பல்லையும் தவளை எலும்பையும் கொண்டுவரும். குழாயில் 0.2 மி.மீ. வலை கட்டி வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதல் நடையில் அடுக்குக்கு ஒரு மூட்டை, 25 கிலோ போதும். அதில் பல் தென்பட்டால் மட்டும் டன் கணக்குக்குப் போகலாம். சீட்டை மூட்டைக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று பென்சிலில் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். அடுக்கின் பெயர், அடுக்கின் அடியிலிருந்து உயரம், ஜிபிஎஸ் புள்ளி, தேதி, எடை இவ்வளவும் சீட்டில் இருக்க வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதியும், வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதியும் எழுத்தில் வாங்கிய பிறகே மண்வெட்டி.

காய வைத்து, ஊற வைத்து, அரித்து

களிக்கல்லை அப்படியே தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும். முதலில் முட்டையளவுக்கு உடைத்து, தார்ப்பாயில் பரப்பி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். உள்ளே துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. காய்ந்த களிக்குள் தண்ணீர் வேகமாகப் புகும்போதுதான் அது தானே பிளந்து கரையும். கரைய மறுத்தால் மறுபடி காய வைத்து மறுபடி ஊற வையுங்கள். மூன்று நான்கு சுற்று போவது சாதாரணம்.

அதற்கும் மசியாத களிக்கு மண்ணெண்ணெய். காய்ந்த கட்டிகள் மூழ்கும் அளவுக்கு ஊற்றிச் சில மணி நேரம் விட்டு, எண்ணெயை வடித்து எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், துளைகளில் புகுந்திருந்த எண்ணெயைத் தண்ணீர் தள்ளும்போது களி பொலபொலவென்று உதிரும். கட்டியில் ஈரம் இருந்தால் எண்ணெய் உள்ளேயே போகாது; இந்த முறை தோற்பதற்கு பத்தில் ஒன்பது முறை அதுதான் காரணம். வடித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாம். நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.

அலசுவதற்கு இரண்டு சல்லடை: மேலே 2 மி.மீ., கீழே 0.5 மி.மீ. கீழ்ச் சல்லடையின் கண் இதைவிடப் பெரிதாக இருந்தால் சின்னப் பற்கள் போய்விடும். ஓரத்தில் மரச்சட்டம் வைத்து அடியில் வலை அடித்த பெட்டியைத் தொட்டியில் பாதி முங்கும்படி வைத்து, மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். அரிசியில் கல் அரிக்கிற கை இருந்தால் போதும், அந்த அசைவேதான். கையால் கட்டியை நசுக்கவோ வலைமேல் தேய்க்கவோ கூடாது. பீய்ச்சியடிக்கும் குழாயும் கூடாது. பல்லின் முகடு உடைவது நிலத்துக்குள் அல்ல, பெரும்பாலும் இந்தத் தொட்டியில்தான்.

சுண்ணாம்பு சேர்ந்த பாறைக்கு அமிலம் தேவை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நினைக்கவே வேண்டாம்; பல் ஆனதே கால்சியம் பாஸ்பேட்டால், அதையும் சேர்த்துத் தின்றுவிடும். அசிட்டிக் அமிலம்கூடத் தனியாக விட்டால் எனாமலை அரிக்கும். பழக்கத்தில் உள்ள கலவை: அடர் அசிட்டிக் அமிலம் 7 பங்கு, தண்ணீர் 63 பங்கு, முந்தைய வேலையில் தீர்ந்துபோன வடிகட்டிய கரைசல் 30 பங்கு. அந்தப் பழைய கரைசலில் கரைந்திருக்கும் கால்சியம் அசிடேட்டும் பாஸ்பேட்டும்தான் பல்லைக் காக்கிறது. பி.ஹெச். 3.6-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். முதல் தடவை பழைய கரைசல் இருக்காது. பயனற்ற எலும்புத் துணுக்கும் சுண்ணாம்புக்கல்லும் போட்டு ஒரு வாளி தயாரித்துக்கொள்ளலாம்.

அமிலத்தில் எத்தனை நாள் கிடந்ததோ, குறைந்தது அத்தனை நாள் நல்ல தண்ணீரில் கிடக்க வேண்டும். அவசரப்பட்டுக் காய வைத்தால் துளைகளில் தங்கிய கால்சியம் அசிடேட் படிகமாகி, பல்லை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். காய்ந்த தட்டில் வெள்ளைப் பஞ்சு போல எதுவாவது பூத்திருந்தால் உடனே திரும்பத் தண்ணீரில் போடுங்கள்.

கனத்தால் பிரித்தல்

அலசி முடிந்த மிச்சத்தில் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல், அடர்த்தி 2.65. கால்சைட் 2.71. புதைந்த பல்லின் கனிமமான அபடைட் 3.1-க்கு மேல். சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான உப்பின் கரைசலை 2.75-க்கு வைத்தால் மணல் மிதக்கும், பல் மூழ்கும். கூடவே இரும்புத் துகளும் கார்னெட் என்ற கனமான கனிமமும் மூழ்கும், பரவாயில்லை. முன்பு புரோமோஃபார்ம் பயன்படுத்தினார்கள். அது நச்சு, இப்போது தேவையில்லை.

இந்தக் கரைசல் விலை அதிகம், அதைக் கெடுப்பதும் எளிது. குழாய் நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் வெள்ளைக் கசடாக இறங்கி வீணாகும். வாலை வடிநீர் மட்டுமே, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் மட்டுமே. சுண்ணாம்புத் தூள் மிச்சமிருக்கும் மண்ணை இதில் போடக் கூடாது. கழுவிய நீரைச் சேர்த்து வைத்து ஆவியாக்கினால் கரைசல் திரும்பக் கிடைக்கும்.

மிதந்ததைக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே துளையுள்ள எலும்பும், பல்குழி (பல்லின் உள்ளே இருக்கும் கூடு) காலியாக உள்ள பல்லும் மிதக்கும் பக்கம் போகலாம். ஒரு கைப்பிடியாவது நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

பொறுக்குதல்

மிச்சத்தை மறுபடி 0.5–1, 1–2, 2-க்கு மேல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு அளவு கலந்திருந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். கறுப்புத் தட்டில் கோடு கிழித்து, ஒரே அடுக்காக, துகள் மேல் துகள் ஏறாமல் பரப்பி 10–15 மடங்கில் பாருங்கள். எடுக்க 000 எண் தூரிகை, நுனி ஈரமாக. இடுக்கி வேண்டாம், 1 மி.மீ. பல் இடுக்கியில் சறுக்கித் தெறித்தால் அறை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

விரிசல் விட்ட பல்லுக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசின், 5 சதவீதம், ஒரு துளி. கடையில் விற்கும் உடனடிப் பசை வேண்டாம். பின்னால் கழற்ற முடியாது, முகட்டின் மேல் படலமும் படியும்.

பல்லின் மேற்பரப்பை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். 2014-இல் வேல்ஸ் பற்களின் நுண்கீறல்களையும் தாடையின் வலுவையும் ஒப்பிட்டு, மோர்கனுகோடான் கடினமான ஓடுள்ள பூச்சிகளையும் கூனியோதீரியம் மென்மையான பூச்சிகளையும் தின்றன என்று காட்டினார்கள். உங்கள் ஊசி போடும் கீறல் அந்தத் தகவலை அழித்துவிடும். வேரையும் அப்படியே விடுங்கள். 2020-இல் அதே இரண்டு விலங்குகளின் பல்வேரில் உள்ள சிமென்ட் படலத்தின் வளர்ச்சிக் கோடுகளை, மரத்தின் வளையம் எண்ணுவது போல் எக்ஸ்கதிர்ப் படத்தில் எண்ணி, மோர்கனுகோடான் 14 ஆண்டு வரையும் கூனியோதீரியம் 9 ஆண்டு வரையும் வாழ்ந்தன என்று கண்டார்கள். இன்றைய அதே அளவுப் பாலூட்டிகளைவிட இது மிக நீண்ட ஆயுள். உடம்பின் வளர்சிதை மாற்றம் மெதுவாக நடந்த விலங்குகள் என்று பொருள். முகடு அழகாக இருக்கிறதே என்று உடைந்த வேரைத் தூக்கிப் போட்டிருந்தால் இது தெரியவந்திராது.

பாலூட்டியா, இல்லையா

முதலில் வேர். பாலூட்டிக் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டோ அதற்கு மேலோ தனித்தனி வேர் இருக்கும், தாடைக்குழியில் செருகியிருக்கும். பாலூட்டிக்கு மிக நெருங்கிய உறவான சைனோடான்ட் என்ற ஆதி விலங்குகளில் வேர் முழுதாகப் பிரியாமல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் எட்டு எண் போல நடுவில் இடுங்கியிருக்கும். ஒரே வேர் என்பதற்காக உடனே ஒதுக்கவும் வேண்டாம். வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் பாலூட்டியிலும் ஒற்றை வேர்தான்.

அடுத்தது தேய்மானம். ஊர்வன வாழ்நாள் முழுக்கப் பல்லை மாற்றிக்கொண்டே இருக்கும். எதிரெதிர்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பழக நேரம் இல்லை. பாலூட்டிக்குப் பால்பல் ஒரு முறை, நிலைப்பல் ஒரு முறை, பின்கடைவாய்க்கு அதுவும் இல்லை. அதனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பல மாதம் உரசித் தட்டையான, பளபளப்பான தேய்முகங்களை உண்டாக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த முகத்தில் இணையாக ஓடும் கீறல்கள் தெரியும். அந்தக் கீறலின் திசைதான் மெல்லும் திசை.

ஏமாற்றுபவை பல. ஹைபோடான்ட் சுறாவின் சிறுபல் வரிசையாக முகடுகளோடு வரும். அதன் வேரில் பொடித் துளைகள் நிறைந்திருக்கும், அது போதும் அடையாளத்துக்கு. யூடிமார்ஃபோடான் என்ற பறக்கும் ஊர்வனவின் பல்லில் ஐந்து முகடு வரை உண்டு. அழிந்துபோன சில முதலை இனங்களுக்கும் பலமுகட்டுப் பல் உண்டு. மூன்று முகடு தெரிந்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் பெரும்பாலும் பல்லியில் வந்து நிற்பார்கள்.

முகடுகளைப் படிக்கும் விதம்

பல்லைக் களிமண் துண்டில் நிறுத்தி, மெல்லும் பரப்பு நேராக உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். நான்கு அடிப்படை வடிவங்களில் எது என்று பாருங்கள்.

முகடுகள் ஒரே கோட்டில் இருந்தால் மோர்கனுகோடான் பக்கம். கீழ்ப்பல்லின் நடுவில் பெரிய முகடு 'ஏ', அதன் பின்னால் 'சி', முன்னால் சின்ன 'பி', கடைசியில் 'டி'. நாக்குப் பக்கத்தில் 'ஜி' என்ற சிறு முகடு. 'சி' பொதுவாக 'பி'-யைவிட உயரம் என்பதை வைத்தே முன்பின் தெரிந்துகொள்ளலாம். மோர்கனுகோடானில் கீழ் 'ஏ' முகடு மேல்பல்லின் முதல் இரண்டு முகடுகளுக்கு நடுவே போய் இறங்கும். மெகாசோஸ்ட்ரோடான் என்ற இன்னொரு ஆதிப் பாலூட்டியில் அது இரண்டு மேல்பற்களின் இடைவெளியில் இறங்கும். தேய்முகம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

முகடுகள் முக்கோணமாகத் திரும்பியிருந்தால் கூனியோதீரியம் போன்றவை. மேல்பல்லின் முக்கோணமும் கீழ்ப்பல்லின் முக்கோணமும் எதிர்த்திசையில் நின்று கத்தரி போல ஒன்றையொன்று உரசிப் போகும்.

முக்கோணத்துக்குப் பின்னால் ஒரு கிண்ணமும் இருந்தால் அது டிரைபாஸ்பெனிக் பல். மேல்பல்லில் நாக்குப் பக்கத்து முகடான புரோட்டோகோன், உரலில் உலக்கை போல, கீழ்ப்பல்லின் டலோனிட் கிண்ணத்தில் இறங்கி அரைக்கும். வெட்டுவதும் அரைப்பதும் ஒரே கடியில். நம் கடைவாய்ப்பல்லும் இந்த அச்சிலிருந்து வந்ததே. ஆனால் கிண்ணம் பின்னால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்பி வைக்காதீர்கள். 1982-இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஷுவோதீரியத்தில் கிண்ணம் முக்கோணத்துக்கு முன்னால் இருக்கிறது. தாடையில் பொருந்திய பல் கிடைத்ததால்தான் அது தெரிந்தது. உதிரிப் பல்லாக இருந்தால் யாரும் தலைகீழாக வைத்துப் படித்திருப்பார்கள்.

இரண்டு நீள வரிசையில் முகடுகள் இருந்தால் மல்டிடியூபர்குலேட் என்ற அழிந்துபோன பாலூட்டிக் கூட்டம். அவற்றின் கீழ் முன்கடைவாய்ப்பல் பல இனங்களில் ரம்பம் போன்ற கத்தியாக இருக்கும்.

இடமா வலமா என்பதில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். டிரைபாஸ்பெனிக் கீழ்ப்பல்லை முன்பக்கம் மேலாக வைத்துப் பார்க்கும்போது, மிக உயரமான முகடான புரோட்டோகோனிட் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அது இடதுபல். அந்த முகடு எப்போதும் கன்னப் பக்கம்தான். மேல்பல்லுக்கு இதைத் தலைகீழாக்குங்கள்: பல்லைக் கீழிருந்து பார்க்கிறோம் என்பதால் கன்னப்பக்கம் உங்களுக்கு வலமாக வந்தால்தான் இடதுபல்.

தாடைத் துண்டு கிடைத்தால்

உட்பக்கத்தை முதலில் பாருங்கள். ஊர்வனவின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது, பாலூட்டிக்கு ஒரே எலும்பு. மீதமிருந்த எலும்புகள் காணாமல் போகவில்லை. தாடை மூட்டில் இருந்த ஆர்ட்டிகுலர் காதின் சுத்தி எலும்பாகவும், குவாட்ரேட் பட்டடை எலும்பாகவும் மாறின. கருவின் வளர்ச்சியை வைத்து இதை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரைஷெர்ட் 1837-லேயே சொல்லிவிட்டார். புதைபடிவம் பின்னால் வந்து சாட்சி சொன்னது. மோர்கனுகோடானில் பழைய மூட்டும், தாடையெலும்பே மண்டையோட்டோடு சேரும் புதிய மூட்டும் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன.

ஆகவே தாடையின் பின்பகுதி உட்பக்கத்தில் ஆழமான பள்ளமும் அதன் மேல் திட்டும் இருந்தால், பின்தாடை எலும்புகள் இன்னும் அங்கே ஒட்டியிருந்தன என்று பொருள். வெறும் மெல்லிய கோடு மட்டும் ஓடினால் அது மெக்கெல் குருத்தெலும்பின், அதாவது கருவில் கீழ்த்தாடைக்குள் ஓடும் குருத்துத் தண்டின் தடம். இரண்டும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் காதெலும்புகள் முழுதாகப் பிரிந்துவிட்டன. 2007-இல் விவரிக்கப்பட்ட யானோகோனோடான் என்ற சீனப் பாலூட்டியில் காதெலும்புகள் பாலூட்டிக் காது போல இருந்தும், எலும்பான மெக்கெல் குருத்தால் தாடையோடு இணைந்தே இருந்தன. அதனால் பள்ளம் இல்லை, காது பிரிந்துவிட்டது என்று ஒரே தாவில் முடிவு கட்ட வேண்டாம்; மெக்கெல் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கோடு பெரிய ஆட்களையும் தடுமாற வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் தாடைகளைப் பற்றி 1838-இல் நடந்த சண்டையில், இந்தக் கோடு இரண்டு எலும்பு சேரும் பொருத்து, ஆகவே இது ஊர்வன என்றது ஒரு தரப்பு. இரட்டை வேரைக் காட்டிப் பாலூட்டி என்று ஆங்கில உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் வாதாடினார். அவர் பக்கம்தான் நின்றது.

பட்டாணியில் பாதி அளவில் ஒரு பக்கம் குமிழாகப் புடைத்த கெட்டியான எலும்பு தென்பட்டால் கல் என்று தள்ளாதீர்கள், உட்செவியை மூடியிருக்கும் பெட்ரோசல் அது. மைக்ரோ சி.டி.யில் உள்ளே சுருள் தெரியும். மோர்கனுகோடானுக்குக் குட்டையாக, ஏறக்குறைய நேராக இருக்கும். மார்சுபியல்களுக்கும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளுக்கும் ஒரு முழுச் சுற்றைத் தாண்டும். கணுக்கால் எலும்புகளையும் பொறுக்கி வையுங்கள். நஸ்கலின் குட்டிக் கணுக்கால் எலும்புகளை வைத்துத்தான் டெக்கனோலெஸ்டெஸ் மரமேறி என்று சொல்ல முடிந்தது.

பெயர் வைப்பதற்கு முன்

படம் எடுக்க, பல்லின் மேல் அம்மோனியம் குளோரைடு புகையை மெல்லப் படிய விடுங்கள்; பளபளப்பு அடங்கி முகடுகள் எழும்பித் தெரியும். வேலை முடிந்ததும் கழுவிவிட வேண்டும், விட்டால் ஈரம் இழுக்கும். மின்னணு நுண்ணோக்கிக்குத் தங்கப் பூச்சு வேண்டாம், தாழ்வெற்றிட முறை போதும்.

ஒற்றைப் பல்தான் கையில் இருக்கிறது, அதுவும் அந்தக் காலத்துக்கு மிஞ்சிய வளர்ச்சியோடு இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் மூட்டையை. பல்குழிக்குள் அடைந்திருக்கும் மண்ணும் படிவின் மண்ணும் ஒன்றுதானா, அதே மூட்டையில் கிடைத்த மீன்பல்லின் நிறமும் கனமும் இதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வசதி இருந்தால் அருமண் தனிமங்களின் விகிதத்தை இரண்டிலும் அளக்கலாம். ஒரே மண்ணில் புதைந்தவை ஒரே சாயலைக் காட்டும். அதே அடுக்கிலிருந்து, புது வலையில், இன்னொரு ஆள் அலசி இரண்டாவது பல் எடுக்கும் வரை அந்த ஒற்றைப் பல்லை எண்ணோடு மட்டும் பதிவேட்டில் வைத்திருங்கள். அலசி முடித்த மிச்சத்தையும் மிதந்த மணலையும் அதே எண்ணில் மூடி வையுங்கள்.